அரிசி கழுவிய நீர் குடித்த கம்பி

“நக்கோ, வேணாம் பாப்பா, மண்ணுல கம்பி புதைச்சா ரேடியோ பொழைக்குமா?” என்று அப்பா அன்று சிரித்தார். இன்று கச்சிபௌலி அலுவலக வாசலில் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிக்குக் கொட்டிய ஈரக் கரியின் வாசம், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் சனத்நகர் லைன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. கோடையின் காய்ந்த காற்றில் கூரை ஆண்டெனாவில் மின்னேற்றம் சேர்ந்து ஒரு ரேடியோ ஏற்கெனவே போயிருந்தது; படிக்கத் தெரியாத அம்மாவுக்குத் தமிழ்ச் செய்தி அதில் மட்டும்தான். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், பாடப்புத்தகத்தை நம்பிக் கரியும் உப்பும் போட்டுக் கம்பியைப் புதைத்தேன். புது ரேடியோவை அணைத்ததும் ஆண்டெனாவை அந்தக் கம்பியோடு இணைத்துவிடுவோம். மண் காயாதிருக்க அம்மா தினமும் அரிசி கழுவிய நீரை, “குடி, குடி” என்று அங்கே ஊற்றுவாள். அடுத்த கோடையிலும் ரேடியோ பாடியபோது அப்பா பக்கத்து வீட்டுக்கும் ஒரு குழி தோண்டினார். ரேடியோவில் கேட்டது போதும், இனி நானே பேச வேண்டும் என்று, வானலையில் பிறரோடு பேச அனுமதிக்கும் ஹாம் ரேடியோ உரிமத் தேர்வுக்கு நேற்றே விண்ணப்பித்துவிட்டேன்.