அனாவின் தூக்குவாளி

போடிமெட்டு டீக்கடை ஓரமாக ஜீப்பு நிற்கிறது. உள்ளே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். ஏலக்காய் ஆய்வுக்காகக் குவாத்தமாலாவிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் அனாவும் தினமும் இதில்தான் போகிறாள். இன்று துணைக்கு நான். வெள்ளிக்கிழமையோடு அவள் விசா முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி அதே தாள்களை மூன்று தடவை அனுப்பியாயிற்று, பதிலே இல்லை. அனா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்கிறாள்.

என் செல்போன் அடிக்கிறது. கல்லூரி அலுவலகம். "சார், ஆறு மாசம் குடுத்துட்டாங்க!" நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வருகிறார். அனா அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

அனாவோடு தினமும் காய் எடுக்கப் போகும் பேச்சியக்கா ஜீப்பிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "என்னண்ணே சத்தம்?"

"அனா ஊருக்குப் போகலக்கா! இருக்கலாம்னு கவர்மெண்டு சொல்லிருச்சு."

"அவ எங்க போறா? போன வாரமே போடியில இத வாங்கிட்டேன்ல."

தன் பக்கத்து இடத்திலிருந்து மதியச் சோறு கொண்டுபோகும் புதுத் தூக்குவாளி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். மூடியில் பளபளவென்று பெயர் வெட்டியிருக்கிறது: அனா.

"பேரு வெட்டுன பாத்திரத்த வேற யாருக்குக் குடுக்க? வெரசா ஏறச் சொல்லுங்க, சோலி கெடக்கு."