கையெழுத்துப் போடப் போன அலுவலகத்தில்

காப்புறுதி, முதலீடு பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். உரிமம் பெற்ற ஏதாவது ஒரு நிறுவனத்தில் சேர்ந்துதான் நாங்கள் இதைச் செய்ய முடியும். பழைய நிறுவனத்தை விட்டபோது இரண்டு நிறுவனங்கள் என்னை அழைத்தன. ஒன்றில் கமிஷன் அதிகம், மற்றதில் பயிற்சி நன்றாக இருக்குமாம். நான் விசாரித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, எனக்குக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் கமிஷன் பக்கம் சாய்ந்து, கையெழுத்துப் போட, தீவிலிருந்து ஃபெர்ரியில் கடலைத் தாண்டி பட்டர்வொர்த்துக்குப் போனேன்.

அலுவலக வரவேற்பறையில் காத்திருந்தபோது காப்புறுதிப் பணம் பற்றிக் கேட்க, தீவிலுள்ள பாலிக் புலாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கணவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தாராம்.

"எங்க ஏஜென்ட் போனே எடுக்க மாட்டேங்கிறாரு," என்றார்.

"அவரு வேலைய விட்டு நின்னுட்டாருக்கா. வேற ஆளு கூப்பிடுவாங்க லா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கதானே வேல செய்யிறீங்க?"

"இல்லக்கா," என்றேன். என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான், நான் முடிவெடுத்துவிட்டது எனக்கே தெரிந்தது. கையெழுத்துப் போடாமல், வீடு திரும்ப ஃபெர்ரி ஏறிவிட்டேன்.

எந்த நிறுவனம் சரி என்று இன்னும் புரியவில்லை. இப்போதெல்லாம் என்னை அழைக்கும் நிறுவனங்களிடம், கமிஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "நான் நின்னுட்டா, என் கஸ்டமர் போனை யாரு எடுப்பாங்க?"

எல்லாரும் சிரித்துக்கொண்டே "ஆள் இருக்கு" என்கிறார்கள். இதுவரை ஒருவரும் ஒரு பெயரைச் சொல்லவில்லை.