சம்பங்கி கடையில் விழுந்த சிவப்புக் குறி

அன்று காலை ஷட்டரைத் தூக்க வந்த சம்பங்கிக்கு மூச்சே நின்றுவிட்டது. கடைச் சுவரோரம், ரத்தம் தெறித்தாற்போல ஒரு சிவப்புப் பெருக்கல் குறி!

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெருவில் ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டர் அவளுடையது. கணவன் பெருமாள் போன பிறகு அவளைத் தாங்கியதும், மகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சின்னக் கடைதான்.

"சிரிலு, இது இன்னாடா?" பக்கத்து பேக்கரிக்காரனைக் கூப்பிட்டாள்.

"நகரசபை ஆளுங்க போட்டுக்கினு போனாங்கக்கா. எனக்குப் போடல. உனக்குதான்."

"அப்போ நான் மட்டும் காலியா?"

சிரில் மெல்லத் தன் பேக்கரிக்குள் நழுவிவிட்டான். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் சம்பங்கி சிறுமியாக இருந்தபோது, சுரங்கத்துக்குள் பாறை வெடித்து நிலம் அதிர்ந்தது. விரிசல் கண்ட அவர்கள் வீட்டுச் சுவரில் இதே குறியைப் போட்டார்கள். மறுநாளே சட்டி பானையோடு வெளியேறினார்கள்.

இனி யாரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அழுதுகொண்டே துணிகளை மூட்டை கட்டினாள். பாதி அலமாரி காலியானபோது, வரைபடச் சுருளோடு உள்ளே வந்தாள் நகரசபைப் பொறியாளர் மமதா.

"ஏம்மா, கடைய மாத்தறீங்களா?"

"குறி போட்டு தொரத்தறதே நீங்கதான்! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தாயே?"

மமதா திகைத்துப் போனாள். "அய்யோ அம்மா! அது பெஞ்சு போடற எடம். நம்ம ஜனம் ரயிலேறி பெங்களூர் போயி அங்கியே துணி வாங்கிக்கினு வருது. அவங்கள இங்க இழுக்கத்தான் இந்த பிளான். இனிமே தெருவுல வண்டி வராது, ஜனம் நிம்மதியா நடந்து, உக்காந்து வாங்கலாம். உங்க கடைய யாரும் தொடமாட்டாங்க."

சம்பங்கி மூட்டை மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொங்கின.

வாசலில் சிரில் தலையை நீட்டினான். "பெஞ்சா? அத்த என் கடையாண்ட போடுங்க மேடம். பன்னு தின்னுகினு உக்காருவாங்க."

"போடா! நான் காலின்னு நெனச்சப்போ வாயே வரல, இப்போ பெஞ்சு கேக்குதா ஒனக்கு?"

வண்டிகள் நின்று மூன்று மாதமாகிறது. ட்யூப்லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலில் ஏமாற்றும் என்பதால், பெண்கள் துணியைத் தெரு நடுவுக்கே கொண்டுபோய்ச் சேலையோடு வைத்துப் பார்க்கிறார்கள். எந்த ஹாரனும் அவர்களை விரட்டுவதில்லை.

"கண்ணு, அந்த வாடாமல்லி வேணாம், வெளுத்துத் தெரியுது பாரு! வா, வேற எடுத்துத் தரேன்!" வாசலில் நின்று கூவுகிறாள் சம்பங்கி. அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்கிறது.