கேட்டதற்கு மேல் ஒரு தீர்ப்பு

பாளையங்கோட்டையில் எந்தக் கல்யாண வீடானாலும் பந்தியில் உப்பு வைப்பதைக்கூடத் தேவசிகாமணி சாரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தேவசிகாமணி சார் நம்பினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். அந்தப் பயம் தெளியாமல்தான், களக்காட்டில் வாழைக்காய் பழுக்கவைக்கும் குடோனைக் கூட்டாக நடத்திய அக்கா இன்பமணியும் தம்பி சுஜினும், தகராறு வந்தால் சார்தான் மத்தியஸ்தர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தகராறும் வந்தது.

அவரிடம் விட்ட கேள்வி ஒன்றுதான்: பிரிந்தால் குடோன் யாருக்கு? புருஷனை இழந்த இன்பமணிக்கு அதை விட்டால் பிழைப்பில்லை. ஒப்பந்தமும் அவள் பக்கமே பேசியது. ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஒரு வரியோடு நிறுத்துகிற வாயா அது?

பக்கத்து வீட்டு வக்கீல் சுந்தர்ராமன் பையச் சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்ககிட்ட விட்டத மட்டும் தீத்து வையுங்க. எல்லை தாண்டுனா கோர்ட்டுல நிக்காது."

"எனக்கே எல்லை போடுதீரா வே? மனசாட்சிக்கு ஏது எல்லை?" என்று சார் செருமினார்.

தீர்ப்பு வந்தது. குடோன் இன்பமணிக்கு, அதற்கு ஈடாகப் பூர்வீக வீட்டில் தன் பங்கை அவள் தம்பிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டைப் பற்றி இவரை யார் கேட்டார்கள்? போதாக்குறைக்கு, இருவரும் கிறிஸ்துமஸ் அன்று ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஓர் உத்தரவு வேறு.

சுஜினுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. குடோன் கை நழுவிய ஆத்திரத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடினான். தன்னிடம் விடாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல மத்தியஸ்தருக்கு அதிகாரமில்லை என்றார் நீதிபதி. கிறிஸ்துமஸ் பந்தியை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் வீட்டையும் குடோனையும் சார் ஒரே முடிச்சாகப் போட்டிருந்ததால் பிரித்தெடுக்க வழியில்லை. மொத்தத் தீர்ப்பும் ரத்து. மறுநாளே குடோனுக்குச் சுஜின் பூட்டுப் போட்டான்.

சாருக்குக் கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை. சட்டத்துக்கு இதயமில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் அங்கலாய்த்தார். இன்பமணி அவர் வீட்டுக்கு வந்தபோது, தனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார்.

"கவலப்படாத. மறுபடியும் என்கிட்டயே விடுங்க. இந்தத் தடவ இன்னும் விரிவா எழுதித் தாரேன்."

அவள் உட்காரவில்லை. "கைக்கு வந்தத நீங்கதான் சார் தட்டி விட்டீய. கோர்ட்டுலயே வேற ஆளப் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். முகந்தெரியாத ஆளு போதும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாச் சரி."