பழத்தட்டு ஏந்திய பெண்

சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவனுக்கு வெளிநாடு என்பது துறைமுக வாசலில் இருக்கும் கடைவரைதான். எத்தனையோ கரைகளில் இறங்கியிருக்கிறேன். உருப்படியாக எதையும் பார்த்ததில்லை. ஹாலந்தில் ஒரு முறை கிரேன் பழுதாகி, சரக்கு இறக்குவது தள்ளிப்போனது. பகல் முழுவதும் எங்களுக்கு வேலை இல்லை. என்னோடு வேலை பார்த்த தூத்துக்குடிக்காரரும் நானும் பஸ் பிடித்து ஊருக்குள் போனோம். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி, கதவு திறந்திருந்த ஒரு பழைய கட்டடத்துக்குள் ஓடினோம். அது மியூசியம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

வாசலில் இருந்த பெண் கையை நீட்டி ஏதோ கேட்டார். கரையிறங்கும்போது கொடுத்த பாஸைத்தான் கேட்கிறார் என்று எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு என் ஈர ஜாக்கெட்டைக் காட்டினார். அதைக் கழற்றி வாங்கி மாட்டிவிட்டு நம்பர் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்தார். திரும்பக் கொடுப்பார்களா மாட்டார்களா என்ற யோசனையோடுதான் உள்ளே நடந்தேன்.

ஒரு அறையில் திமிங்கலத்தின் தாடை எலும்பு. அடுத்த அறையில் பொம்மை வீடு. அதற்கடுத்து மரச்செருப்புகள். எதற்குப் பின்னால் எது வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தூத்துக்குடிக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நின்று கூப்பிட்டார்.

"வே, இங்கன வாரும். உம்ம ஊர் பேரு போட்டிருக்கான்."

சுவரில் ஒரு சின்னப் படம். கடற்கரையில் ஒரு கோட்டை, கொடி, பாய்மரக் கப்பல்கள். கீழே சீட்டில் 'பலியகாட்டா' என்ற மாதிரி எழுதி, பக்கத்தில் இங்கிலீஷில் புலிக்காட் என்று போட்டிருந்தார்கள். பழவேற்காடுதான். ஆனால் கோட்டைக்குப் பின்னால் பெரிய மலை ஒன்று நின்றது. எங்கள் ஊரில் ஏது மலை? ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் வானமும்தான். கோட்டை இருந்த இடம் இப்போது முள் மண்டிய மேடு. சின்ன வயதில் நாங்கள் பந்து தொலைத்த இடம்.

"இது எங்க ஊர் இல்ல. பேரை மாத்திப் போட்டிருக்காங்க" என்றேன்.

"அப்ப அது?" என்று பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

அது ஆள் உயரப் படம். கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக ஒரு டச்சுக் குடும்பம். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லோரும் நடுவில். ஓரத்தில், பாதி இருட்டில், ஒரு கறுத்த பெண் பழத்தட்டு ஏந்தி நின்றாள். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். இடுப்பில் சிவப்புக் கட்டம் போட்ட துணி, கைலிக் கடையில் பளையகாட் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. கீழ் உதடு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. என் பெரிய பெண்ணை அசையாமல் நிற்கச் சொன்னால் இப்படித்தான் உதட்டைத் தள்ளுவாள்.

சீட்டில் குடும்பத்துக்கெல்லாம் பெயர் இருந்தது. அவளைப் பற்றி, பணிப்பெண், பழவேற்காட்டிலிருந்து வந்தவளாக இருக்கலாம் என்று மட்டும்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் சீட்டில் இருந்த பெயரின்மேல் விரலை வைத்தேன். அவர் நம்பவில்லை. மறுபடியும் வைத்தேன். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய முன்னோர் ஒருவர் எங்கள் ஊரில்தான் புதைக்கப்பட்டாராம். ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று இருந்தவருக்கு இப்போது முழங்கால் வலியாம்.

"கல்லறைகளெல்லாம் நன்றாக இருக்கின்றனவா?"

"இருக்கு. சுவர் கட்டி கேட் போட்டிருக்காங்க" என்றேன். வாசல் பக்கம் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இருப்பதையும், இருட்டினால் அந்தப் பக்கம் நாங்கள் ஓடித்தான் கடப்போம் என்பதையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"எங்கள் மேல் உங்களுக்குக் கோபம் உண்டா?"

டச்சுக்காரர் மேல் கோபப்பட வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோபப்படக் கூடாது என்றும் சொன்னதில்லை. தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

"இந்தப் பொண்ணு எப்படி இங்க வந்தா?" என்று கேட்டேன்.

அவர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். கொண்டுவந்தார்கள் என்றாரா, வாங்கினார்கள் என்றாரா, என் கப்பல் இங்கிலீஷுக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவர் தன் குடும்பப் பெயரையும் ஈமெயில் முகவரியையும் என் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கொடுத்து, அந்தப் பெயர் இருக்கும் கல்லைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். நான் அந்தப் பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டேன். ஜாக்கெட்டைத் திரும்பக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் தூத்துக்குடிக்காரரிடம் கேட்டேன். "அந்தம்மா வாங்கினாங்கன்னு சொன்னாங்களா, கொண்டுவந்தாங்கன்னா?"

"வாங்கித்தானவே கொண்டுவந்திருப்பான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீவில் பொன்னேரியில் ரயில் இறங்கி பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்ததும் மனைவியிடம் படத்தைக் காட்டினேன்.

"நம்ம பெரியவ மாதிரி இல்ல?"

அவள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "எந்தப் புள்ளைய நிக்க வெச்சாலும் இப்படித்தான் நிக்கும். இன்னாத்துக்கு இத்தப் போய் புடிச்சினு வந்த?"

பெரிய பெண் எட்டிப் பார்த்தாள். "நைனா, அது நான் இல்ல. என் மூக்கு இப்படியா கீது?"

மறுநாள் மூவரும் கல்லறைக்குப் போனோம். போனில் இருந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு மகள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தாள். அந்தப் பெயர் போலவே இரண்டு கல்லில் இருந்தது. ஒன்றில் நடு எழுத்துகள் தேய்ந்திருந்தன. இன்னொன்றில் கடைசி எழுத்து வேறு. எது அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரர் என்று தெரியாமல் இரண்டையும் படம் பிடித்தேன். மனைவி கல்லின் ஓரத்தில் இருந்த பூ வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்க ஊட்ல வேல செஞ்சவங்கள எங்க பொதச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். கேட் திறந்துவிட்ட ஆளிடம் விசாரித்தோம். அவருக்கும் தெரியவில்லை.

இரண்டு படங்களையும் அனுப்பி, அந்தப் பெண்ணைப் பற்றி மியூசியத்தில் கேட்க முடியுமா என்றும் எழுதினேன். பதில் வந்தபோது நான் மறுபடி கடலில் இருந்தேன். பூ வேலைப்பாடு உள்ள கல்தான் தன் முன்னோருடையது என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டிருந்தார். அதுதான் எழுத்து மாறியிருந்த கல். நான் மறுத்து எழுதவில்லை. பெண்ணைப் பற்றியும் எழுதியிருந்தார். மியூசியத்தில் இப்போது சந்தேகப்படுகிறார்களாம். அவள் வேறு எங்கிருந்தோ வந்தவளாக இருக்கலாம். அப்படி ஒருத்தி இல்லாமலே ஓவியர் படத்தின் அழகுக்காகச் சேர்த்திருக்கலாம். போகாத ஊரையும் பார்க்காத ஆளையும் வரைவது அந்தக் காலத்து வழக்கமாம்.

எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை. விற்கப்பட்ட பெண் ஒருத்தி எங்கள் ஊர்க்காரி இல்லை என்றால் நல்லதுதானே. பின்னே ஏன் எதையோ தொலைத்த மாதிரி இருந்தது? கரை வந்ததும் மனைவிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அப்போ நம்ம ஊரு பொண்ணு இல்லியா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு எழுதியிருக்காங்க."

"இன்னா நீ, நான் அத்த பொன்னேரி ஸ்டுடியோல குடுத்து பிரேம் போட்டு மாட்டிட்டேனே."

"நீதானே இன்னாத்துக்குன்னு கேட்ட?"

"கேட்டேன். அப்புறம் நீ அனுப்ச்சத போன்ல தெனம் பாத்துனு இருந்தேன்."

அடுத்த லீவில் போனபோது படம் டிவிக்கு மேலே தொங்கியது. ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி டச்சுக் குடும்பத்தை வெட்டிவிட்டிருந்தாள். பெண்ணும் தட்டும் மட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவியிடம் இறால் வாங்க வந்த பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்து யார் என்று கேட்டாள்.

"சொந்தக்காரப் பொண்ணு" என்றாள் என் மனைவி, இறால் கூடையிலிருந்து தலை நிமிராமல்.