பழைய எண்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். குடிதண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் அந்த இடத்தின் கணினிகள் இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தன. வீட்டில் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையின் தேதியைப் படித்துவிட்டு, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை படிப்பாள். "என்னை மட்டும் எப்படிச் சரிபார்க்காம கட்டிக்கிட்ட?" என்று கணவர் கேட்பார். "அவசரத்துல நடந்துபோச்சு" என்பாள்.

யாரோ கட்டிமுடித்துத் தரும் மென்பொருளை அவள் ஏற்றுவதில்லை. மூலநிரலை இறக்கி, தன் கணினியிலேயே கட்டுவாள். அன்று கட்டியது இன்டர்பிரட்டரின் புதிய பதிப்பு. பரிசோதனை முடிவுகளைக் கணக்கிடும் நிரல்களை வரி வரியாகப் படித்து ஓட்டுவது அதுதான். பழையதை ஒருமுறை இயக்கி அதன் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டாள். இறக்கிய கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் கைரேகை எண்ணை இரண்டு கணினிகளில் ஒப்பிட்டாள். பிறகு, கட்டச் சொல்லும் மேக் கட்டளையைத் தட்டினாள். திரையில் வரிகள் மழையாய் இறங்கின. சோதனைகள் எல்லாம் தேறின. நிறுவிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது நாற்காலி தாழ்ந்திருந்தது.

இன்டர்பிரட்டரின் பெயரைத் தட்டினாள். பழைய எண் வந்தது. மறுபடி நிறுவினாள். மறுபடியும் பழைய எண்.

நாற்காலியை அவ்வளவு தாழ்த்தி உட்காருகிறவர் அங்கே ஒருவர்தான். தங்கையின் கணவர். அவள் சிபாரிசில் ஆறு மாதம் முன் சேர்ந்தவர். அவரை நிரந்தரமாக்கும் தாள் அவள் கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது. அது இன்று மேலாளரிடம் போகாவிட்டால் அவர் வேலை போய்விடும். தங்கை ஒரு வாரமாகத் தினமும் போன்.

"மாப்பிள்ளை, என் இடத்துல உட்கார்ந்தீங்களா?"

"ஆமாக்கா. ஷூ லேஸ் கட்டினேன்."

"நின்னுக்கிட்டே கட்ட முடியாதா?"

"தொப்பை விடலக்கா."

"எதையாவது தொட்டீங்களா?"

"லேஸைத்தான்."

அவள் சிரிக்கவில்லை. அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வேற விண்டோ திறந்து தட்டிப் பாருங்களேன்."

இவருக்கு ஏன் வேறு விண்டோ வேண்டும்? அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கட்டளை விண்டோ ஒன்றைப் புதிதாகத் திறந்து தட்டினாள். புதிய எண் வந்தது. பழைய விண்டோவில் தட்டினாள். பழைய எண்.

காலையில் அவளே பழையதை இயக்கிய விண்டோ அது. ஒருமுறை போன பாதையை அது நினைவில் வைத்துக்கொள்ளும். புதியது வேறு பாதையில் இருந்தாலும் தேடாது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. மனுஷனைப் பார்த்த கண், விண்டோவைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தாள். அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாள் எனக்கும் இப்படித்தான் ஆச்சு. அரை நாள் முழிச்சேன்."

"எந்த மெஷின்ல?"

"என்னோடதுலதான்க்கா, வேற எதுல?"

நேரே அவர் மேசைக்குப் போனாள். அங்கிருந்த இன்டர்பிரட்டர் கோப்பில் முந்தாநாள் தேதிதான் இருந்தது. தேதியை மாற்றவும் முடியும் என்று நினைத்தாள். மாற்றியவர் இவ்வளவு சாவகாசமாக நின்று கொட்டாவி விடுவாரா என்றும் நினைத்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள், மணி ஒன்று பத்து. தாளில் கையெழுத்துப் போட்டாள். கீழே ஒரு வரி எழுதி, மேலாளர் சாப்பிட்டுத் திரும்பியதும் அவரிடம் நீட்டினாள்.

மேலாளர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "'பகல் ஒன்று பத்து வரை தெரிந்த அளவில் நம்பத் தகுந்தவர்.' என்னம்மா இது? இப்ப மணி ஒன்றரை."

"அதான் சார், அந்த இருபது நிமிஷத்துக்கு நான் பொறுப்பில்ல."

அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். முத்திரையில் இன்றைய தேதி இருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள்.