அமாவாசை பஸ்ஸில் பேய்க்கணவாய்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி அமாவாசை அன்று பிற்பகல். புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாக மேல்மலையனூர் போகும் சிறப்புப் பேருந்தில், மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்துகொண்டிருந்தேன். பெட்டிக்குள் பேய்க்கணவாய்.

ஆக்டோபஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டுக் கை உள்ள அந்த உயிருக்குக் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்று பெயர். நான் அதைத்தான் ஆராய்ச்சி செய்கிறேன். எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். கடலே இல்லாத ஊரில், பள்ளிக்கூடம் முடித்தவர் ஒருவர்கூட இல்லாத வீட்டிலிருந்து போய்க் கடலைப் படிக்கிறவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை நான் மறைப்பதும் இல்லை.

மீன் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் நின்று, வலையில் வந்த கணவாய்களின் கை நுனியில் ஒரு துண்டு வெட்டி, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பிகளில் போட்டு வைப்பது என் வேலை. தெற்கே பாம்பன் பக்கம் எடுத்தவை ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தன. வடக்கே பழவேற்காடு முதல் புதுச்சேரி வரை எடுத்தவை மொத்தமும் என் மடியில். இன்னும் சில நாளில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். இவை போனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது, எனக்கு ஒரு வருடம் வீண். இன்னொரு வருடம் படிக்கிறேன் என்று வீட்டில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

திண்டிவனம் தாண்டியதும் ஒரு குப்பியின் மூடி தளர்ந்துவிட்டது. சாராயம் போல ஸ்பிரிட் வாசனை கிளம்பியது.

எதிர் சீட்டில் எலுமிச்சம்பழ மாலையைக் கூடையில் வைத்திருந்த ஒரு அக்கா மூக்கைச் சுளித்தார். “யாருடா அது, கோயிலுக்குப் போற பஸ்ஸுல சரக்கப் போட்டுக்கினு?” நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

செஞ்சிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பாண்டியிலிருந்து மது பாட்டில் கடத்துகிறார்களா என்ற வழக்கமான சோதனைதான். ஏறிய பெண் போலீஸ் இரண்டு வரிசை தாண்டுவதற்குள் என்னிடம் வந்துவிட்டார்.

“இன்னாம்மா பொட்டியில?”

“பேய்க்கணவாய் மேடம்.”

அந்த வார்த்தையை அந்த பஸ்ஸில் சொல்லியிருக்கக் கூடாது. மேல்மலையனூர் அங்காளம்மனிடம் பேய் ஓட்டிக்கொள்ளப் போகிறவர்கள் பாதிப் பேர். “பொட்டியில பேய் வச்சிருக்குதாம்” என்று செய்தி கடைசி சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

என்னையும் பெட்டியையும் கீழே இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். “இங்கிலீஷ்ல யாரு வேணா அடிச்சிக்கலாம்” என்றார் அவர். என் ஆராய்ச்சி வழிகாட்டியின் போன் அணைந்து கிடந்தது. நடத்துநர் படியில் நின்றபடி, “மேடம், ராத்திரி அம்மன் ஊஞ்சல் பாக்கப் போற ஜனம். இந்தப் பொண்ண எறக்கிக்கினு எங்கள வுட்டுடுங்க” என்றார்.

“எல்லாத்தையும் தொறந்து ஊத்து. உள்ள இருக்கற துண்ட நீயே வச்சிக்க. இந்தத் தண்ணி மட்டும் பஸ்ஸுல போகக் கூடாது” என்றார் போலீஸ்.

அந்த வெயிலில் ஸ்பிரிட் இல்லாமல் துண்டுகள் அழுகிவிடும். மரபணு என்றேன், டிஎன்ஏ என்றேன், இனத்தொகை என்றேன். அவர் முகத்தில் அசைவில்லை. அவர் கை ஒரு குப்பியின் மூடிக்குப் போனது.

அதற்குள் அந்த எலுமிச்சம்பழ அக்கா இறங்கி வந்திருந்தார். பின்னால் பாதி பஸ். “ஏம்மா, ஒரு மீனுக்கு எதுக்கு இத்தினி துண்டு? ஒண்ணு பத்தாதா?”

அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க எந்த ஊரு அக்கா?”

“கடலூரு.”

பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாவைக் கேட்டேன். அரக்கோணம் என்றார். வேலைக்காக இப்போது பாண்டியில் இருக்கிறாராம்.

“ரெண்டு பேருக்கும் குலதெய்வம் மலையனூர்லதானே? அப்ப நீங்க பங்காளிங்களா?”

இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். “அது எப்படிச் சொல்றது? விசாரிச்சாதான் தெரியும்” என்றார் கடலூர் அக்கா.

“இதுங்களையும் நான் அதான்கா விசாரிக்கிறேன். பாம்பன் கணவாயும் பழவேற்காடு கணவாயும் பங்காளியா, கொண்டான் கொடுத்தானா, இல்ல ஒட்டு ஒறவே இல்லாத வேற கூட்டமா? வாயத் தொறந்து அதுங்க சொல்லாது. இந்தத் துண்டுதான் சொல்லணும். தண்ணிய ஊத்திட்டா இதுவும் சொல்லாது.”

“தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?” என்றார் போலீஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஒறவு இருந்தா, ஒரு எடத்துல அதிகமா புடிச்சிட்டாலும் இன்னொரு எடத்துலேர்ந்து வந்து சேரும் மேடம். தனிக் கூட்டம்னா, அங்க புடிச்சி முடிச்சா வம்சமே முடிஞ்சிது.”

“இத மட்டும் தொறந்து பாருங்க மேடம்” என்று கசிந்த குப்பியை நானே எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் திறந்து தரையில் கவிழ்த்தார். உறிஞ்சிகளோடு ஒரு வெளுத்த கணவாய்க் கை நுனி அவர் ஷூவின் மேல் விழுந்தது. “ச்சீ!” என்று துள்ளிப் பின்வாங்கினார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

“ஏறு, ஏறு. மூடிய நல்லா முறுக்கு. இனிமே பஸ்ஸுல பேயின்னு சொல்லாத.”

அந்த ஒரு துண்டு போனது. மற்றதெல்லாம் என் மடிக்குத் திரும்பியது. செஞ்சி வரும்வரை கடலூரும் அரக்கோணமும் தாத்தாக்களின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி உறவு தேடிக்கொண்டிருந்தார்கள். கூட்டுரோட்டில் நான் இறங்கும்போது அந்த அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினார்: “பங்காளியா இல்லியான்னு தெரிஞ்சா சொல்லும்மா!”

பெயரும் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. அன்று வீட்டில் நைனா, “இன்னாதான் படிக்கிற நீ?” என்று வழக்கம்போலக் கேட்டார். முதல்முறையாக முழுதாகச் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. முடிந்தால் ஆங்கிலத்தில் எழுதுவேன், பெரிய அரங்குகளில் பேசுவேன். ஆனாலும் அமாவாசைக்கு ஊரில் இருக்கும்போதெல்லாம், மேல்மலையனூர் பஸ்கள் செஞ்சியைக் கடக்கும்போது ஜன்னல்களைப் பார்க்கிறேன். என் பதிலுக்காக முதலில் காத்திருக்கத் தொடங்கியவர் அவற்றில் ஏதோ ஒன்றில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.